முந்தா நாள் பார்த்ததாக நான் சொன்ன சாலை

புதுச்சேரியில் மோட்டார் சைக்கிள் டூர் நடத்தும் ஒரு சிறிய கடையில் பதினோரு வருஷமாக ரூட் போடுகிறேன். அதற்கு முன் நெல்லித்தோப்பில் மெக்கானிக்காக இருந்தேன். கடைக்குப் புதிதாக வரும் லீட் ரைடர்களுக்கு, அதாவது குழுவுக்கு முன்னால் ஓட்டி வழிகாட்டுகிறவர்களுக்கு, பிரேக் பற்றியும் டயர் பற்றியும் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

1. ரிங் ரோடு இல்லாத வழி

கடற்கரைப் பக்கம் தங்குகிறவர்களை மேற்கே செஞ்சிக்கு அழைத்துப் போவதென்றால், முதல் தலைவலி ஊரைச் சுற்றி ஓடும் அகலச் சாலைகள்தான். கடையில் அவற்றை மொத்தமாக ரிங் ரோடு என்போம். பெரிய சிக்னல்கள், விழுப்புரம் பஸ், கடலூர் பஸ், மணல் லாரி, எங்கே நிற்கும் என்று தெரியாத ஷேர் ஆட்டோ. சிவப்பு விழுந்தால் குழுவில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். பிறகு ஒருவரை ஒருவர் போனில் தேட வேண்டும்.

தை மாதக் கடைசியில் லூர்து மேரி அம்மா வந்தார். பிரான்சில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் அந்துவான், எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்களே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர்களோடு இரண்டு நண்பர்கள். ஆளுக்கொரு வண்டி. அந்த அம்மா ஐம்பது வயதுக்குமேல் வண்டி ஓட்டக் கற்றவர். செஞ்சிக்குத் தன் கையால் ஓட்டிப் போக வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

“தம்பி, எனக்கு ஓட்ட வரும். ஆனா உயரம் பத்தல. சிக்னல்ல பஸ் பக்கத்துல கால ஊனி நிக்கறதுன்னா ஒதறலெடுக்குது. அந்த ரிங் ரோடு இல்லாம வழி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு மதாம். ஞாயித்துக்கெழம காலையில கடலூர் ரோடு காலியா இருக்கும். தவளக்குப்பம் போய் மேக்கால திரும்புனா கிராமத்து ரோடு. வில்லியனூர் பக்கம் கொண்டுபோய் விட்டுரும். அந்தப் பெரிய சிக்னல் ஒண்ணும் வராது.”

“ரோடு நல்லா இருக்கா? பாத்தீங்களா?”

“முந்தா நாள்தான் போய்ட்டு வந்தேன் மதாம். தொடச்சி வச்ச மாதிரி இருக்கு.”

நான் போகவில்லை. அந்தச் சாலையில் கடைசியாகப் போனது மழைக்காலத்துக்கு முன்னால். ரூட்டை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே கடையில் எனக்கு இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் வீட்டில் படுத்துத் தூங்கினேன். மறுநாள் மச்சானோடு கிரிக்கெட் பார்த்தேன். பிறகு கடையில் உட்கார்ந்து, போனில் இருந்த மேப்பைப் பார்த்துக் கோடு போட்டேன். மேப்பில் அது நெரிசலே இல்லாத சாலை. ‘நான் பாக்காத ரோடா’ என்ற திமிரும் இருந்தது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மெர்சி தம்பி, ரொம்ப நன்றி. இப்பதான் நிம்மதியா இருக்கு” என்றார்.

2. புளியமரத்து வளைவு

ஞாயிற்றுக்கிழமை தவளக்குப்பத்தில் டீ குடித்துவிட்டு மேற்கே திரும்பும்போது மணி ஒன்பது. வெயில் ஏறியிருந்தது. முன்னால் நான், எனக்குப் பின்னால் லூர்து மேரி அம்மா, அதற்குப் பின்னால் மற்றவர்கள். நிதானமான வேகம்தான்.

ஒரு புளியமரத்தருகே சாலை வளைகிறது. வளைந்ததும் சாலையின் இடது பாதி முழுவதும் நெல். அறுப்பு முடிந்த சமயம். களம் இல்லாதவர்கள் தார் ரோட்டில்தான் காயவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. வலது பாதியில் எதிரே மினி பஸ் வந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை. நான் பிரேக்கைத் தொடாமல் நெல்மீது நேராக ஓட்டி அந்தப் பக்கம் போய்விட்டேன். பின்னால் வந்த அந்த அம்மா பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டார். வண்டி சறுக்கிக்கொண்டு போனது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நெல்லில் கிடந்தார். நினைவு இருந்தது. இடது தோளைத் தொட விடவில்லை. காறை எலும்பு முறிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. மினி பஸ் நின்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

அந்துவான் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ரோட்ட பாத்தேன்னு சொன்னீங்களே?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. நெல் துழாவும் பலகையோடு நின்றிருந்த பெண்ணின் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

“யாரக் கேட்டு ரோட்ல கொட்டுன? முந்தா நாள் நான் பாத்தப்போ சுத்தமா இருந்துச்சி. இன்னிக்குக் காலையிலதான கொட்டியிருக்க? ஒரு உசுரு போயிருந்தா?”

அவர் பெயர் அஞ்சலை என்று பிறகுதான் தெரியும். நாற்பது வயதிருக்கும். குத்தகை நிலத்தில் கணவரோடு பயிர் வைப்பவர். பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இல்ல சார், நாலு நாளா இங்கதான் காயுது. சாயந்தரம் குமிச்சி மூடிட்டு, காலையில பரப்புறேன்.”

“பொய் சொல்லாத!” என்றேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். “டூரிஸ்ட் வர்ற எடத்துல இன்னா வேல இது?” என்று ஒருவர் சத்தம் போட்டார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

3. நாற்காலியில் நானும் நின்றபடி அஞ்சலையும்

மறுநாள் கடை ஓனர் கேட்டார்: “நடா, ரூட்ட நேர்ல செக் பண்ணியா, இல்லையா?”

“பண்ணேன் சார்.”

“அப்ப எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். ‘பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு சாலை சரிபார்க்கப்பட்டது. அப்போது நெல் இல்லை.’ அந்தக் காகிதம் போலீசுக்குப் போயிற்று. அஞ்சலையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவர் சுவரோரமாக நின்றார்.

அங்கேயும் அவர் என்னைத் திட்டவில்லை. நான் மறந்துபோய்ச் சொல்கிறேன் என்றே நினைத்திருந்தார்.

“நல்லா யோசிச்சி சொல்லு சார். நீ சாயந்தரமா வந்திருப்ப. தார்ப்பாய் போட்டு ஓரமா மூடியிருந்திருப்பேன். அதான் ஒனக்குக் கண்ணுல படல.”

நான் தப்பிக்க அவரே ஒரு வழி காட்டினார். அதைக்கூட நான் பிடித்துக்கொள்ளவில்லை. சாயந்தரம் என்று ஒப்புக்கொண்டால் மேலே நாலு கேள்வி வரும் என்று பயம்.

“சாயந்தரம் இல்ல. காலையில பத்து மணிக்குப் போனேன்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் ரோட்டில் காயவைத்தால் கேஸ் என்று எச்சரித்து, அன்றைக்கே நெல்லை அள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

4. பார்க்கப் போனது

மூன்று வாரம் கழித்து, கையைத் தூளியில் மாட்டிக்கொண்டு லூர்து மேரி அம்மா கடைக்கு வந்தார்.

“தம்பி, அந்தப் பொண்ணோட நெல்லு மேல விழுந்து நாசம் பண்ணிட்டேன். ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லணும். கூட்டிட்டுப் போங்க.”

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. காரில் போனோம். புளியமரத்துக்கு எதிர்த் தெருவில் வீடு. வாசலில் அஞ்சலை ஒரு சாக்கைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். ஈரம் காயாமல் உள்ளே அடுக்கிய நெல் சூடேறிக் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. நாற்றம் தெருவரைக்கும் வந்தது.

அந்த அம்மா மன்னிப்புக் கேட்டார். அஞ்சலை பதறிப்போய், “ஐயோ, நீங்க இன்னா பண்ணுவீங்கம்மா? அடிபட்டது ஒங்களுக்கு. நாலு நாளா காஞ்சிக்கிட்டிருந்த நெல்லு, இன்னும் ரெண்டு வெயில் பட்டிருந்தா போதும்” என்றார்.

“நாலு நாளாவா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். திரும்பிய முகத்தில் சந்தேகம்கூட இல்லை. நான் ஏதோ விளக்கம் சொல்வேன் என்று காத்திருந்தார். என்னால் அதற்குமேல் முடியவில்லை.

“நான் போகல மதாம். முந்தா நாளும் போகல, அதுக்கு முன்னாடியும் போகல. மேப்ப பாத்து ரூட் போட்டேன். இவங்க சொன்னது எல்லாம் நெசம்.”

பிறகு அந்த அம்மா சொன்னார்: “தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ரிங் ரோட்லயே வண்டியத் தள்ளிக்கிட்டாவது வந்திருப்பேனே தம்பி. நீங்க சொன்னத நம்பித்தான பயமில்லாம வந்தேன்.”

நான் அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டேன். காலில் விழவும் குனிந்தேன். அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

“அன்னிக்கு ஒரு பஸ்ஸே நின்னு கேட்டுச்சி, நீ என்னப் பொய்க்காரின்னு கத்துனத. இன்னிக்கு யாரு சார் கேக்கறா? நாங்க ரெண்டு பேருதான இருக்கோம்.”

சொல்லிவிட்டுச் சாக்கை மறுபடி உதற ஆரம்பித்தார்.

5. அதற்குப் பிறகு

மறுநாளே போலீசிடம் போய், முன்பு எழுதியது பொய், வேறு எழுதித் தருகிறேன் என்றேன். “கேஸே இல்ல. இத எங்க வச்சிக்கறது? போங்க சார்” என்று அனுப்பிவிட்டார்கள். ஓனரிடம் சொன்னேன். ஒரு வருஷம் என்னை லீட் ஓட்ட விடவில்லை. கடையில் வண்டி கழுவினேன். அது நியாயம்தான். ஆனால் அஞ்சலைக்கு அதனால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அவருடைய நெல் நெல்லாகவில்லை. அந்த மினி பஸ்ஸில் வந்தவர்கள் இன்றைக்கும் அவரைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ரூட் போட வரும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிங் ரோடா, கிராமத்து ரோடா என்பது பெரிய விஷயமே இல்லை. இரண்டிலும் ஆபத்து உண்டு, இரண்டிலும் பார்த்து ஓட்டலாம். அந்த வாரத்தில் உங்கள் வண்டி ஓடாத சாலையைப் பற்றி யாராவது கேட்டால், ‘தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல அரை நொடி வெட்கமாக இருக்கும். அந்த அரை நொடியைத் தாங்க முடியாமல்தான் நான் ஒருவர் எலும்பை முறித்து, இன்னொருவரை ஊர் நடுவில் பொய்க்காரி ஆக்கினேன்.

அந்தச் சாலையில் பொய் சொன்னது நான். அஞ்சலை சொன்னதுதான் உண்மை. யார் யார் கேட்பார்களோ, அவர்கள் எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.