பத்தாவது வீட்டுப் பதில்

போன வாரம் சோப்புக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் அட்டை, அட்டையில் செருகிய காகிதம், முகத்தில் மாறாத புன்னகை.

"எங்க சோப்பு உங்களுக்கு எப்படி சார்? ரொம்பப் பிடிக்கும், பிடிக்கும், சுமார், பிடிக்காது... எதைப் போடட்டும்?"

எனக்கு அந்த சோப்பு ரொம்பப் பிடிக்கும். வருஷக் கணக்கில் அதைத்தான் தேய்த்துக்கொள்கிறேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"சுமார்!"

பிடிக்கும் என்றால் விலையை ஏற்றிவிடுவார்களோ? பிடிக்காது என்றால் கடையில் வருவதே நின்றுவிடுமோ? முன்பின் தெரியாதவர் காகிதமும் பென்சிலுமாக வந்து நின்றால் 'சுமார்' என்று சொல்லிவிடுவதுதான் பத்திரம். இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெரு. அந்தக் கதையை இன்று சொல்லிவிடுகிறேன்.

என் பிழைப்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். ஆங்கிலம் படித்ததே அடுத்தவர் காகிதங்களை டைப் அடித்துத்தான். மூன்று வருஷத்துக்கு முன் அங்கே தேவசகாயம் என்று ஒரு லெக்சரர் வந்தார். பக்கத்துச் செவிலிமேட்டுக்காரர். கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கிறவர். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டுப் படிக்க வைத்த பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், இன்னும் நிரந்தரமாகவில்லை.

"சார், இது வெளிநாட்டு ஜர்னலுக்குப் போகுது. மனோதத்துவ ஜர்னல். ஒரு எழுத்துகூடத் தப்பக் கூடாது" என்றார். காகிதக் கட்டை, குழந்தையைக் கொடுப்பது போல, இரண்டு கையாலும் கொடுத்தார்.

வேலை செய்கிற மனிதனின் மனசை ஆராய்கிற பத்திரிகையாம் அது. பல தேசத்துப் பேராசிரியர்கள் அதில் எழுதுவார்களாம். ஆனால் அனுப்பியதை உடனே அச்சேற்ற மாட்டார்கள். பெயர் தெரியாத இரண்டு நிபுணர்கள் முதலில் படித்துப் பார்த்து, நோண்டி நோண்டிக் குறை சொல்வார்களாம்.

பெயரைச் சொல்லாமல் குறை எழுதுவதா? நம் ஊரில் அதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர். அங்கே அது ஆராய்ச்சி!

தேவசகாயத்தின் ஆராய்ச்சி இதுதான். பட்டு நெசவாளர்களுக்குத் தங்கள் வேலையில் திருப்தி இருக்கிறதா? ஒரு தெரு முழுக்க, வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார். கூலி போதுமா, முதலாளி எப்படி, மகனைத் தறியில் உட்கார வைப்பீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ரொம்பத் திருப்தி என்பதிலிருந்து துளியும் இல்லை என்பது வரை ஐந்து பதில்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவர் திருவாளர் சுமார்.

வந்த பதில்களில் பெரும்பாலும் சுமார்! தேவசகாயம் அசந்துபோனார். 'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்ற பழமொழியைக் கட்டுரையின் முதல் வரியிலேயே ஆங்கிலத்தில் போட்டார். தறியில் கால் மாற்றி மாற்றி மிதிக்கிற தாளத்தில் நெசவாளியின் மனசு துக்கமும் இல்லாமல் சந்தோஷமும் இல்லாமல் ஒரு சமநிலைக்கு வந்துவிடுகிறது என்று பத்துப் பக்கத்துக்கு நிரூபித்திருந்தார். கோயில் ஊரில் ஞானிகள் தெரு!

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது... கடைசிப் பக்கத்து அட்டவணை வரும் வரை.

வீட்டு வரிசைப்படி, வீட்டுக்கு ஒரு வரி. சுமாருக்கு எண் மூன்று. திருப்திக்கு நாலு. முதல் வீடு மூன்று மூன்று மூன்று. இரண்டாவது வீடும் அப்படியே. ஒன்பது வீடு வரை மூன்று. பத்தாவது வீட்டுக்கு நாலு நாலு நாலு. மறுபடி ஒன்பது வீட்டுக்கு மூன்று, பத்தாவதுக்கு நாலு. இருபது வரி தாண்டியதும் என் விரல் மூலத்தைப் பார்க்காமலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை!

மனிதர்கள் இப்படியா பதில் சொல்வார்கள்? பிள்ளையாண்டான் வீட்டில் உட்கார்ந்து தானே எல்லாத் தாளையும் நிரப்பிவிட்டானோ? சந்தேகம் வந்தது. கேட்டேனா? கேட்கவில்லை. கல்யாண மாப்பிள்ளையிடம் போய்ப் பந்தியில் உப்பில்லை என்று யார் சொல்வது? கார்பன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் தேவசகாயம் வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"சார்... அந்த டேபிள்ல நீங்க ஏதாவது தப்பா அடிச்சிருப்பீங்களா?"

வெளிநாட்டிலிருந்து பதில் வந்திருந்தது. வெல்லப்பாகு மாதிரி ஆங்கிலம். 'இந்தப் பதில்களின் அசாதாரண ஒழுங்கு எங்களைச் சிந்திக்க வைக்கிறது. இவை எப்படிச் சேகரிக்கப்பட்டன என்று தாங்கள் விளக்கினால் மகிழ்வோம்.' சுருக்கமாகத் தமிழில் சொன்னால், நீயே எழுதிக்கொண்டாயா? கடிதத்தின் நகல் ஒன்று கல்லூரி பிரின்சிபாலுக்கும் போயிருந்தது. அவர் கூப்பிட்டு, ஒரு மாதத்துக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் வேலை நிரந்தரமாவதை மறந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

"என்னையா சந்தேகப்படறீங்க?" என்றேன்.

"வேற யாரை சார் சந்தேகப்படறது?"

"உங்களைத்தான். டைப் அடிச்ச அன்னிலிருந்தே எனக்கு உங்க மேலதான் சந்தேகம்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தோம். அப்புறம் அவருடைய பையிலிருந்த அசல் கேள்வித்தாள்களை எடுத்து, என் கார்பன் பிரதியோடு வரி வரியாக ஒப்பிட்டோம். என் டைப்பில் தப்பில்லை. தாள்களிலோ விதவிதமான கையெழுத்து, விதவிதமான மை, சிலவற்றில் மஞ்சள் கறை. ஒரே ஆள் எழுதியது இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"நீங்க பக்கத்துல உட்கார்ந்துதானே எழுதி வாங்கினீங்க?"

"இல்ல சார். பகல்ல தறியை விட்டு எழுந்திருக்க முடியாதுன்னாங்க. தெரு நாட்டாமைக்காரர்தான், 'தாளைக் குடுத்துட்டுப் போங்க, ஒரு வாரத்துல வாங்கி வைக்கிறேன்'னு சொன்னார்."

ஆனால் கட்டுரையில் என்ன எழுதியிருந்தார்? 'ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் அளித்தனர்.' அதை டைப் அடித்ததும் நான்தான்.

தனித்தனியே! அந்தத் தெருவில் எது தனித்தனியே நடந்திருக்கிறது?

மறுநாளே இருவரும் போனோம். நாட்டாமைக்காரர் ஏகாம்பரம் எனக்குப் பழக்கமானவர். பெயருக்குத்தான் நாட்டாமை, மற்றபடி அவரும் ஒரு கூலி நெசவாளி. தறிக்குழியில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சொர்ணம்மாள், சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை அவரிடமிருந்து வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டைப்பு சார். இன்னா, தெரு வழி தெரிஞ்சுதா?" என்றவர், பின்னால் வந்த தேவசகாயத்தைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். "இன்னா சார், மறுபடியும் காயிதமா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். கடிதம், பிரின்சிபால், வேலை. நாட்டாமை தரையைப் பார்த்தார். சொர்ணம்மாள் அவரைப் பார்த்தார்.

"சொல்லிடுங்களேன். அந்தப் புள்ள மூஞ்சியைப் பாருங்க, தண்ணியில போட்ட பட்டு மாதிரி தொங்குது."

நாட்டாமை தொண்டையைக் கனைத்தார். "நீங்க கேட்டீங்களே சார், கூலி போதுமான்னு... போதும்னு எழுதினா நாளைக்கு நாங்க எந்த மூஞ்சியை வச்சிக்கினு கூலி ஏத்திக் கேக்கறது? போதலைன்னு எழுதினா, அது முதலாளி கையில கிடைச்சா, எனக்கு நெய்யக் குடுக்கற பாவு நூல் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். கூலின்னா தெருவே சேர்ந்து பேசித்தான் எங்களுக்குப் பழக்கம். அதான் கோயில் மண்டபத்துல எல்லாரும் உக்காந்து பேசினோம். சுமார்னு போட்டா ரெண்டு பக்கமும் இடிக்காதுன்னு முடிவாச்சு."

"அது சரி அண்ணே, பத்தாவது வீட்டுக்கு மட்டும் எதுக்குத் திருப்தி?" என்றேன்.

"எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா சாருக்கு சந்தேகம் வந்துடாதா?"

தேவசகாயம் என்னைப் பார்த்தார். "அதுக்காக... கரெக்டா பத்தாவது வீடா? முன்னப் பின்ன மாத்திப் போட்டிருக்கக் கூடாதா?"

"மாத்திப் போடறதா?" சொர்ணம்மாள் நிமிர்ந்தார். "ஏன் தம்பி, சேலையில பூ புட்டா போடறோம். ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு இறைச்சா போடறோம்? எண்ணி எண்ணிப் போட்டாத்தான் புட்டா. கோணமாணலாப் போட்டா கண்ணை உறுத்தாது? அந்தக் கணக்கை நான்தான் சொன்னேன். எவ்ளோ லட்சணமா வந்திருந்தது!"

ஏமாற்றவும் இந்தத் தெருவுக்கு ஒழுங்காகத்தான் தெரிகிறது!

"அந்தக் கால் ஆட்டற விஷயம்..." என்று மெதுவாக இழுத்தார் தேவசகாயம்.

"காலாட்டிப் பிழைக்கலாம்னு சொன்னவன் ஒரு நாள் இந்தக் குழியில காலை விட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பான்" என்றார் நாட்டாமை.

உண்மை கிடைத்துவிட்டது. நிம்மதியாக மூச்சு விட்டேன். பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, "அண்ணே, இதையே நாலு வரி எழுதி, நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. இவர் வேலை பிழைச்சுடும்" என்றேன்.

நாட்டாமை தாளைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எது வேணா கேளுங்க டைப்பு சார்" என்றார் நாட்டாமை. "கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. 'பொய் சொன்னோம்'னு கையெழுத்துப் போட்டுட்டு எந்த முதலாளி கிட்ட போயி நிக்கறது?"

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. திரும்பி வர டவுன் பஸ்ஸில் ஏறும்போது தேவசகாயம், "அவங்க சொல்றதும் நியாயம்தான் சார்" என்றார். வேலை போகப் போகிறவன் பேசுகிற பேச்சா அது? அவர் மேல் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை நாட்டாமை வாயாலேயே கேட்டேன். சொர்ணம்மாள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். "நம்ம பேருக்குப் பயந்துக்கினு ஊரான் புள்ள சோத்துல மண்ணைப் போடறதா?" என்றாராம். மறுபடி மண்டபம் கூடியது. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஐந்து பேர் நேரே கல்லூரிக்குப் போய்விட்டார்கள், யாரிடமும் சொல்லாமல்.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாராம்: "லெக்சரர் அனுப்பினாரா?"

"இல்லீங்கய்யா. அவரு பொய் சொல்லல. மண்டபத்துல பேசி வச்சிக்கினு பொய் சொன்னது நாங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

"ஒருவேளை இப்போது சொல்வதும் மண்டபத்தில் பேசி முடிவு செய்ததுதானோ?"

"ஆமாங்கய்யா. இதுவும் பேசி முடிவு பண்ணதுதான்."

பிரின்சிபால் லேசுப்பட்ட ஆளில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். உன் வேலையில் உனக்குத் திருப்தியா? காகிதமில்லை, பென்சிலில்லை.

ஒருத்தர், சேலை தறியிலிருந்து இறங்குகிற அன்று தன் வீட்டில் கல்யாணம் போல இருக்கும் என்றார். ஒருத்தர், முட்டி போய்விட்டது, பிள்ளையைத் தறியில் ஏற்ற மாட்டேன் என்றார். மூன்றாமவர், வேலை பிடிக்கும், முதலாளியின் கணக்கப்பிள்ளையைப் பிடிக்காது என்றார். இன்னொருத்தர் பதிலே சொல்லாமல் அழுதுவிட்டாராம். கடைசியாகப் போன நாட்டாமை சொன்னது: "எனக்கு இந்த வேலையைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுங்கய்யா. அதுக்குப் பேரு திருப்தியான்னு நீங்கதான் சொல்லணும்."

ஒருத்தர்கூட சுமார் என்று சொல்லவில்லை.

பிரின்சிபால் அன்றைக்கே தம் கையெழுத்தில் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினார். தேவசகாயமும் தம் தவறை ஒளிக்காமல் எழுதினார்: தனித்தனியே என்று எழுதியது பிசகு, நான் கூட இருந்து பார்க்கவில்லை. அதையும் நான்தான் டைப் அடித்தேன். விரல் இந்தத் தடவை பார்த்துப் பார்த்து அடித்தது.

பழைய கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சமநிலை, ஞானிகள் தெரு எல்லாம் போயிற்று. ஆனால் கூடவே ஒரு குறிப்பு: 'ஒரு தெரு கூடிப் பேசி எப்படிப் பதிலை முடிவு செய்தது என்பதைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.' எழுதினார். ஒன்றரைப் பக்கம். வந்தது. வேலையும் நிரந்தரமானது.

எனக்கு என்னவோ அந்தப் பெயரில்லா நிபுணர்கள் மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. சந்தேகப்படுகிறவன் எல்லாம் எதிரி இல்லை. கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு டைப் அடித்தேனே, நான்தான் அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் செய்தவன்.

ஜர்னல் வந்ததும் தேவசகாயம் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். நானும் போனேன். மண்டபத்தில் கூட்டம். நாட்டாமை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இதுல எங்க பேரு எங்கனா இருக்குதா சார்?"

"இல்ல."

"தெரு பேரு?"

"இல்லைங்க. ஊர் பேர்கூட இல்ல. 'தென்னிந்தியாவில் ஒரு நகரம்'னுதான் போட்டிருக்கேன்."

நாட்டாமையின் முகம் மாறியது.

"தென்னிந்தியாவா? ரொம்பக் கிட்ட வந்துட்டாங்களே சார்!"