சிவப்புப் புள்ளி வைத்த மின்தேக்கி

என் மனைவி திருமணத்தின்போது பிறந்த வீட்டில் விட்டுவந்த நகப்பூச்சுக் குப்பி ஒன்று, உசிலம்பட்டியில் என் மாமனாரின் மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் இருந்தது. பழுதுபார்க்க வெளியே செல்லும் எந்தப் பொருளும் அந்தச் சிவப்பில் புள்ளி வைக்கப்படாமல் அவர் வாசற்படியைத் தாண்டியதில்லை. மின்விசிறியின் இறக்கை, தையல் இயந்திரத்தின் சக்கரம், நீரேற்றியின் மூடி என எல்லாவற்றிலும் எள்ளளவு புள்ளி இருக்கும். பொருள் திரும்பியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புள்ளிகளை எண்ணுவார். "நல்ல சாமானக் கழட்டிக்கிட்டுப் பழச மாட்டி விட்டுருவாங்கெ" என்பார். அவ்வாறு அவர் ஒருவரையும் பிடித்ததில்லை. பிடிபடாமை அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்துக்குச் சான்று என்றே அவர் கொண்டார்.

என்னையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். மணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழிந்த பின்னும், அவர் வீட்டு அலமாரிப் பக்கம் நான் திரும்பினால் அவருக்கு இருமல் வரும்.

அவரிடம் வால்வு வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. ஊருக்கு மின்சாரம் வருமுன் அவருடைய தந்தையார் வாங்கியது. மகிழுந்து மின்கலத்தில் இயங்குவது. மின்கலம் தரும் ஆறு வோல்ட் வால்வுகளுக்குப் போதாது. ஆகவே, விரல் நீள அலுமினிய உருளை ஒன்றினுள் மெல்லிய எஃகு நாக்கு இடைவிடாது துடித்து, மின்னோட்டத்தை வெட்டி வெட்டி மின்மாற்றிக்கு அனுப்பும். மின்மாற்றி அதைப் பன்மடங்காக்கும். கடைத்தெருவில் அந்த உருளையை வைப்ரேட்டர் என்று கேட்டால்தான் தருவார்கள். பெட்டியை முடுக்கியவுடன், குரல் வருமுன்னே அதன் ரீங்காரம் வரும். அந்த ரீங்காரம் இன்றி மாலைச் செய்தி மாமனாருக்குச் செய்தியாகாது.

நான் அறிய மூன்று முறை அந்த உருளை செத்தது. மூன்று பழுதுநீக்குநர்கள் மூன்று முறை புதியது மாட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு மாதம் பாடி அடங்கியது. "பழைய சரக்கத் தலையில கட்டிட்டான்" என்று மூவரையும் அவர் பகைத்தார். மூன்றாமவர் சமயநல்லூரிலிருந்து நேரில் வந்து விளக்க முயன்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொல்லவில்லை.

நான்காம் முறை சிம்மக்கல்லில் ஒரு வானொலி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது. "கெட்டத மட்டும் மாத்தச் சொல்லுங்க மாப்ள. புள்ளி வச்சதுல எவனும் கை வைக்கக் கூடாது. நீங்களும் பக்கத்துலயே உக்காந்துக்கங்க" என்றார் மாமனார். நான் காவலா, காவலுக்கு உட்பட்டவனா என்பது அந்தச் சொற்களில் தெளிவாக இல்லை.

சிம்மக்கல் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணே, பெட்டிக்கு அம்மை போட்டிருக்கா?" பிறகு சிரிப்பு நின்றது. மின்மாற்றியின் அருகிலிருந்த மின்தேக்கியின் ஒரு காலை விடுவித்து அளந்தார்.

"இந்தக் கண்டன்சர்தாண்ணே வைப்ரேட்டரக் கொல்லுது. இது கசிஞ்சா உள்ள முனையெல்லாம் கருகிப் போகும். எம்புட்டு மாத்துனாலும் ஒரு மாசந்தான். முன்னாடி பாத்தவங்க இத மாத்தலையா?"

எனக்கு விளங்கியது. அந்த மின்தேக்கியின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. மூவரும் இந்தக் கோளாற்றைக் கண்டிருப்பார்கள்; ஒருவராவது சொல்லியிருப்பார். சமயநல்லூர்க்காரர் "இன்னொண்ணயும் மாத்தணும்" என்று தொடங்கியதும், மாமனார் பெட்டியை இழுத்துத் தம் பக்கம் வைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். நல்ல உறுப்பைக் கவரும் சூழ்ச்சி என்றே அவர் அதை எடுத்துக்கொண்டார். அவருடைய ஐயம் வைப்ரேட்டரைக் கொன்றது; செத்த வைப்ரேட்டர் அவருடைய ஐயத்தை வளர்த்தது.

கடைக்காரர் ஓர் உருளையை எடுத்து வைத்தார். "இதுதான் கடைசி. இதும் போச்சுன்னா டிரான்சிஸ்டர் சர்க்யூட்தான் போடணும். ரேடியோ பாடும், இந்த ரீங்காரம் வராது. கண்டன்சர மாத்தாம இத மாட்ட மாட்டேண்ணே. அடுத்த மாசம் என்னையும் திருடன்னு சொல்லுவாரு. போன் போட்டுக் கேட்டுருங்க."

அழைத்தேன். நான் வாய் திறக்குமுன் மாமனார் கேட்டார்: "என்ன மாப்ள, இன்னொண்ணும் போச்சுன்னு சொல்றானா?"

"இல்ல மாமா. சும்மாதான் கூப்புட்டேன். வேலை நடக்குது."

கைப்பேசியை அணைத்துவிட்டு எழுந்தேன். நிறத்தை ஒப்பிடப் புள்ளி வைத்த வால்வு ஒன்றைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அதே தெருவிலிருந்த வளையல் கடைக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் வால்வையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதே சிவப்பில் ஒரு நகப்பூச்சுக் குப்பியை எடுத்துத் தந்தார். திரும்பிவந்து, புதிய மின்தேக்கியின் மேல் என் கையாலேயே சிவப்புப் புள்ளி வைத்தேன்.

"மெக்கானிக்குதான் ஏமாத்துவான்னு சொல்லுவாங்கெ. கஸ்டமரே புதுசா ஒண்ண உள்ள வச்சு ஏமாத்துறத இப்பத்தாண்ணே பாக்குறேன்" என்றார் கடைக்காரர்.

மாமனார் புள்ளிகளை இருமுறை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. எதன்மேல் புள்ளி இருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. ஒரு மாதம் கடந்தது, ஓராண்டும் கடந்தது. ரீங்காரம் நிற்கவில்லை. "சிம்மக்கல்காரன் ஒருத்தந்தான் கை சுத்தம். நம்ம மாப்ள பக்கத்துல இருந்தாருல்ல" என்று வருவோரிடமெல்லாம் சொன்னார். நான் அலமாரிப் பக்கம் போனாலும் அவர் இருமவில்லை. அறுவை சிகிச்சைக்குப் புறப்பட்ட அன்று, தம் இரு புதல்வர்களும் நிற்க, அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

மருத்துவமனையில் ஒரு பிற்பகல், இருவர் மட்டும் இருந்தபோது, "மாமா, அந்த ரேடியோவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன். அவர் கையைச் சற்றே உயர்த்தினார்.

"அது பாடுதுல்ல மாப்ள. விடுங்க."

களைப்பினால் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. அறிந்திருந்தாரானால், சாவியைத் தந்தது நம்பிக்கையா, வேறொன்றா? நான்கு நாளில் அவர் மறைந்தார்.

கருமாதி முடிந்ததும் சாவியை மூத்த மைத்துனரிடம் நீட்டினேன். "நீங்களே வச்சிருங்க மாப்ள. அப்பா நம்புன ஆளு நீங்க" என்றார் அவர். அவர் உதட்டோரத்தில் கேலி எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.