சித்தப்பா கட்டிய வேப்பிலை

என் சித்தப்பாவுக்கு மனிதர்களை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை என்று அம்மா சொல்வாள். ஜப்பான்காரர்கள் வந்து ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை மூடும்வரை அவர் அங்கே வாத்தியார். கூட்டத்தின் மனம் எப்படி ஓடுகிறது என்று எழுதிய புத்தகங்களைக் கப்பலில் வரவழைத்துப் படிப்பார். படித்ததை எங்கள் காஜா பேராங் தெருவில் சோதித்துப் பார்ப்பார். பூட்டிக் கிடக்கும் கடை முன்னால் பையோடு போய் நிற்பார். கால் மணி நேரத்தில் அவர் பின்னால் எட்டுப் பேர் வரிசை பிடித்திருப்பார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஊரின் இன்னொரு பக்கம் பண்டார் ஹிலிரில் இலவசப் படம் காட்டப்போவதாக ஜப்பான்காரர்கள் அறிவித்தார்கள். ஆண்கள் மட்டும் வர வேண்டுமாம். கொட்டகைக்குப் பின்னால் காலி லாரிகள் நிற்பதைச் சித்தப்பா பார்த்துவிட்டார். போனவர்கள் திரும்பாத சயாம் காட்டில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வெளியே சொன்னால் காட்டிக்கொடுக்க ஆள் இருந்தது. அப்பாவிடம் சொன்னால் காப்பிக்கடை முழுக்கத் தெரிந்துவிடும். அப்பாவோ படத்துக்குப் போகச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

"சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க அண்ணி. பக்கத்து வீட்டுல செஞ்சாதான் செய்வாங்க" என்றார் அம்மாவிடம்.

மறுநாள், படம் காட்டும் அன்று காலை, எங்கள் வாசலில் வேப்பிலை தொங்கியது. எனக்கு அம்மை போட்டிருக்கிறதாம். கல்லுக்குண்டு மாதிரி இருந்த என்னைப் போர்வைக்குள் சுருட்டிப் படுக்க வைத்தார்கள். அம்மன் வந்த வீட்டை விட்டு அப்பா எப்படி வெளியே போவார்? அறை வாசலிலேயே நின்று, பிள்ளை பிழைத்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். நான் போர்வைக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினேன். குளிர்காய்ச்சல் என்று அவர் கண்கலங்கினார்.

அம்மா கிணற்றடியில் ஒரே ஒருத்தியிடம், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு எனக்கு அம்மை என்று சொன்னாள். நண்பகலுக்குள் என் அம்மை ஐந்து வீடுகளுக்குப் பரவிவிட்டது. பிற்பகலில் தெரு முழுக்க வேப்பிலை. ஓர் ஆணும் படி தாண்டவில்லை. கூட்டம் சேர்க்க வந்த லாரிகூடத் தெருமுனையில் இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஒரு வாசலில் மட்டும் இலை இல்லை. அது சித்தப்பாவோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியாரின் வீடு. இருவரும் உயிருக்குயிரான சிநேகிதர்கள்.

"நீ படிச்சவன். உனக்கு எதுக்குப்பா இந்த வேஷம்?" என்று சொல்லி, அவரிடம் மட்டும் சித்தப்பா லாரி விஷயத்தை உள்ளபடி சொல்லியிருந்தார். படித்தவனைக் கூட்டிப்போய் மண் வெட்டவா சொல்வார்கள் என்று கணக்கு வாத்தியார் சிரித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படம் பார்க்கப் போனார். அப்புறம் அவர் திரும்பவே இல்லை.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டதா என்று சித்தப்பாவிடம் பெருமையாகக் கேட்டேன். அவர் நோட்டை எடுத்து அடுப்பில் செருகினார். கண்ணைத் துடைத்துக்கொண்டது புகையால் என்று நினைத்தேன். இவ்வளவு நன்றாகப் பலித்த வித்தையை ஏன் எரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மிச்சமிருந்த வெள்ளைத் தாள்களையாவது எனக்குக் கிழித்துக் கொடுத்திருக்கலாமே என்று இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.