மாமா கேட்ட சுலபமான பாதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, கல்வராயன் மலையில் நடந்தது இது.

எங்கள் ஊர் விருத்தாசலம். பழைய மலை என்பதுதான் பெயருக்குப் பொருள். ஆனால் ஏறிப் பார்க்க ஒரு குன்றுகூடக் கிடையாது. அதனாலோ என்னவோ எனக்கு மலை என்றால் பைத்தியம். நான் வேலை செய்வது ஒரு பீங்கான் கம்பெனியின் பேக்கிங் பிரிவில். மாதம் ஒரு ஞாயிறு, முதல் பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போய், பகலெல்லாம் நடந்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். நான், கூட வேலை செய்யும் நண்பன், என் அக்கா வீட்டுக்காரர், மூன்று பேர்தான். மாமாவும் எங்கள் கம்பெனிதான். கல்லை அரைத்து மாவாக்கும் பிரிவில் பதினெட்டு வருடமாக இருந்தார். வயது நாற்பத்து மூன்று.

எந்த மலை, எந்த வழி என்று முடிவு செய்வது நான். சாப்பாட்டு நேரத்தில் போனில் படங்களைப் பார்த்து, எது உயரம், எது செங்குத்து என்று தேடுவேன். கஷ்டமான வழி என்றால் எனக்கு அது பெருமை.

அந்த முறை இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஓடையை ஒட்டி அருவி வரை போகும் சமதளப் பாதை. இன்னொன்று, நேராக முகட்டில் ஏறி ஒரு மலைக் கிராமத்துக்குப் போவது.

“ஓடையோரமாவே போவலாமே மாப்ள. அருவியும் பாத்த மாதிரி இருக்கும்” என்றார் மாமா.

“அது கெழவனுங்க போற வழி மாமா” என்றேன். சாப்பாட்டு மேசையில் சுற்றி இருந்தவர்களோடு நானும் சிரித்தேன். மாமாவும் சிரித்துவிட்டு, “சரி, நீ சொன்னா சரிதான்” என்றார்.

அந்த ஞாயிறு, ஏற ஆரம்பித்த அரைமணி நேரத்திலேயே அவர் வளைவுக்கு வளைவு நின்றார். “கீழ பாரு மாப்ள, எவ்ளோ அழகா இருக்குது” என்பார். கொஞ்சம் நடப்பார், மறுபடி நிற்பார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போனால் தானாக வேகமாக வருவார் என்று நினைத்து, வேண்டுமென்றே நண்பனைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். கால்மணி நேரம் ஆகியும் ஆளைக் காணவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தால், பாதையிலேயே உட்கார்ந்து முட்டியில் இரண்டு கைகளையும் ஊன்றியிருந்தார். தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. படுக்க வைக்கப் பார்த்தேன். அவ்வளவு தளர்ச்சியிலும் என் கையைத் தட்டிவிட்டார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. போனில் சிக்னல் இல்லை. நண்பன் கிராமத்துக்கு ஓடினான். ஒரு மணி நேரம் அவர் முதுகை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசில் போல வந்த அந்த மூச்சைத் தவிர வேறு சத்தமே என் காதில் விழவில்லை.

மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் மூங்கிலும் கம்பளியுமாக வந்தார்கள். அந்த அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்ததும், “இவருக்கு முன்னாடியே நெஞ்சுக் கோளாறு இருக்குதா?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லீங்க, நல்லாத்தான் இருந்தாரு” என்றேன்.

மாமா அப்படியில்லை என்று தலையை ஆட்டினார். பேச முடியாமல் இரண்டு விரல்களைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை.

“ரெண்டு நாளாவா?” என்றார் அந்த அம்மா. மாமா இல்லை என்று தலையசைத்தார். “ரெண்டு வருஷமா?”

மாமா கண்களை மூடிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

கம்பளியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு அவர்கள் இறங்க, பின்னாலேயே நான் ஓடினேன். கீழே ஒரு ஜீப் கிடைத்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். நுரையீரல் முழுக்கக் கல் தூசி படிந்து இறுகிவிட்டது, இனி சரிசெய்ய முடியாது என்றார்.

அதன் பிறகு மாமா பதினோரு மாதம் இருந்தார், வீட்டில், ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில். ஒருநாள் கேட்டேன், ஏன் மாமா சொல்லவில்லை என்று.

“சொன்னா வேலைய வுடச் சொல்லுவீங்க. வுட்டுட்டு எங்க போறது?” என்றவர், மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “மலைக்கு வந்தாத்தான் மாப்ள நல்ல காத்து. முடியலன்னு சொன்னா, என்னை வுட்டுட்டு நீங்க போயிடுவீங்களே.”

காரியம் முடிந்த அன்று எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம் கேட்டாள். “தெனமும் அவரு கூடத்தானடா ஒக்காந்து சாப்ட்ட. ஒனக்குக் கூடவா தெரியல?”

இருமியதைப் பார்த்திருக்கிறேன். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இப்போதும் எப்போதாவது மலைக்குப் போகிறேன். கூட வருகிறவர் ஒரு வழிக்குக் கொஞ்சம் தயங்கினாலும், மறுபேச்சுப் பேசாமல் அவர் சொல்லும் வழியில் போய்விடுகிறேன். ஒரு சாப்பாட்டு நேரத்தில் மாமா கேட்டபோது அதைச் செய்யத் தெரியாமல் சிரித்தேனே, அந்தச் சிரிப்புதான் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.