துண்டுக்குப் பின்னால்

என் மனைவியைத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கர்ப்பப்பையில் வந்த நோய் முதுகெலும்பு வரை போய்விட்டது, இனி வலிக்கு மாத்திரை மட்டும்தான் என்றார்கள். புத்தலப்பட்டு வீட்டில் கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மகன் துபாயில் ஏ.சி. மெக்கானிக்.

அவன் நான்கு நாள் லீவில் வந்தான். வரும்போது ஒரு கேமராவும் கொண்டுவந்தான். முட்டை அளவுதான் இருந்தது. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அதை மாட்டி, இன்டர்நெட் கனெக்‌ஷனும் வாங்கிக் கொடுத்தான். "அங்க இருந்தே அம்மாவ பாத்துக்கினு இருப்பேன் நைனா" என்றான். நான் ஐந்தாவது வரை படித்தவன். அது எதையெல்லாம் எடுக்கும், எடுத்ததை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பெற்ற மகனிடமே நாலு வார்த்தை பேசக் கூச்சப்படுகிறவன் நான்.

அவன் போன பிறகு தினமும் காலையில் தலை வாரிவிடச் சொல்வாள். பொட்டு வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துப் படுத்திருப்பாள். மதியத்தில் சுவரிலிருந்து அவன் குரல் வரும்.

"அம்மா, துன்னியா?"

"துன்னேன்டா. மூஞ்ச காட்டாம பேசறியே, கோயில்ல அசரீரி கேட்ட மாரி இருக்குது."

"வலி இருக்குதாம்மா?"

"எனுக்கின்னாடா வலி? உங்க நைனா வெக்கற ரசந்தான் பெரிய நோவு."

அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள்.

அவளைத் துடைத்துத் துணி மாற்றும் நேரத்தில் கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவேன். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் அபிஷேகம் முடிந்து புடவை சாத்தும்போது பூசாரி திரையை இழுத்துவிடுவார். வெளியே நிற்கிற நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். திரை விழுந்தால் உள்ளே இருப்பது யாருக்கும் இல்லை என்று சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள் நாங்கள். சொம்பு வைக்கிற சத்தமும் பூசாரி இருமுவதும் அந்தத் திரையைத் தாண்டி நன்றாகவே கேட்கும். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"துண்டு போட்டியா?" என்று கேட்பாள்.

"போட்டேன்மே."

அதற்குப் பிறகுதான் அழுவாள். திருப்பிப் படுக்க வைக்கும்போது வாய்விட்டுக் கத்துவாள். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நாள் முழுவதும் அடக்கிவைத்திருந்தது போல இருக்கும். "ஒரு தபா அவன் வந்து கையப் புடிச்சினு ஒக்காந்தா போதும்யா. அவன்கிட்ட சொல்லிடாத, வேல பூடும்" என்பாள். வலி கொஞ்சம் தணிந்தால் என்னைக் கிண்டல் செய்வாள். "கட்டினு வந்து மூணு மாசம் நீ எங்கிட்ட பேசவேயில்ல. ஊமையக் கட்டி வெச்சிட்டாங்கன்னு நான் அழுதுனு இருந்தேன்."

ஒருநாள் மகன் என் போனுக்கே கூப்பிட்டான். வாசலுக்கு வந்து பேசினேன்.

"நைனா, துண்டு போட்டா படந்தான் மறையும். பேச்சு கேக்கும்."

"எல்லாமா?"

"மொதல்லருந்தே. ரூம்ல ஆறு பேரு நாங்க. சோறு துன்னும்போது போன நடுவுல வெச்சிருப்பேன். இன்னிக்கி அம்மா கத்தினப்ப ஒருத்தன் தட்ட வெச்சிட்டு எழுந்து பூட்டான். அதான் சொல்றேன்."

நான் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்று வரை நினைக்கிறேன். ஆனால் தெரிந்துகொண்டே அவளைப் பேசவிட எனக்கு மனம் வரவில்லை.

"ஆறு பேருமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் துணி மாற்றும்போது முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தமே வரவில்லை. கண்ணீர் மட்டும் காதுக்குள் ஓடியது.

மகனிடம் சொன்னேன். "மைக்க ஆஃப் பண்ணிட்டேன் நைனா, சத்தியமா" என்றான். அவள் நம்பவில்லை.

"ஆஃப் ஆனத நீ பாத்தியா?"

நான் எங்கே பார்த்தேன்? கடைசியில் பிளக்கைப் பிடுங்கி, கேமராவைக் கழற்றித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். மகன், "சரி நைனா" என்று மட்டும் சொன்னான்.

"பொட்டிக்குள்ள இருந்தா கேக்காதா?" என்றாள்.

"கரன்ட்டே இல்லமே."

"எதுக்கும் மெதுவாவே பேசு."

அதற்குப் பிறகு அவள் இருந்தது பதினோரு நாள். குசுகுசுப்பாகத்தான் பேசினாள். ஒருமுறைகூட வாய்விட்டு அழவில்லை. அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாமல் போயிற்று.

அவள் போன மறுநாள் மகன் வந்து கொள்ளி வைத்தான். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா பேசினதெல்லாம் இருக்குது நைனா. கேமரா கம்பெனியோட கம்ப்யூட்டர்ல தானா சேந்துனே இருந்திருக்குது. போன்லருந்து எடுத்துக் கேக்கலாம்."

"அழிச்சிடு."

"அம்மா கொரலு வேற எங்கயும் இல்ல நைனா."

"அவ உங்கிட்ட பேசலடா."

அவனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவன் எதையோ தேடி எடுத்து, போனை என் கையில் வைத்தான். "எனுக்குக் கை வராது. நீயே அழி."

அவன் காட்டிய இடத்தில் தொட்டேன். இங்கிலீஷில் இரண்டு வரி வந்து நின்றது.

"இன்னா கேக்குது?"

"நெஜமாவான்னு கேக்குது."

அவள் பேசியது என்னிடம்தான். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அழிக்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. நான் கேட்டால் அவனும் கூட உட்கார்ந்து கேட்பான்.

"ஆமான்றது எது?" என்றேன்.

அவன் விரலால் காட்டினான். அழுத்தினேன்.