மெம்பர் இறங்கி நடந்த பஸ்

எம்.எல்.ஏ.வின் வேலை என்ன என்று யாராவது கேட்டால், மாடிப்படி ஏறுவது என்றுதான் நான் சொல்வேன். ஊர்க்காரர்கள் அவர் வீட்டு மாடிப்படி ஏறுகிறார்கள்; அவர் சர்க்கார் ஆபீஸ்களின் மாடிப்படி ஏறுகிறார். நீங்களும் ஏதோ ஒரு காரியத்துக்காக ஏதோ ஒரு ஆபீஸ் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருப்பீர்கள். ஆகையால் இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

நான் போன வருஷம் பள்ளிக்கூடம் முடித்தேன். பெண்ணை மேலே படிக்க வைக்கலாமா என்று வீட்டில் யோசிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நான் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டின் மாடியில் குடியிருக்கும் மாமா தேர்தலில் ஜெயித்து மெம்பர் ஆனார். பிறந்தது எங்களைப்போல நாஞ்சில் நாட்டில். ஜெயித்தது பொன்முடிப் பக்கம், மலையடிவாரத் தொகுதியில். மலையாளம் சரளமாகப் பேசுவார், எழுத வராது. இங்கிலீஷில் டைப் அடிக்கவும் மலையாளத்தில் கையால் எழுதவும் எனக்கு வரும். இப்படித்தான் நான் ராஜாங்க காரியத்தில் நுழைந்தேன்.

எலுமிச்சம்பழம்

மலையடிவாரத்து ஆட்கள் பெரிய மனிதர்களைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆளுக்கு ஓர் எலுமிச்சம்பழமாவது கொண்டு வருவார்கள். மாமாவின் மனைவியான அத்தை இந்த வருஷம் ஊறுகாய்க்கு எலுமிச்சை வாங்கவே இல்லை. பழத்தைக் கொடுத்துவிட்டு, மழை பெய்ததா, அம்மாவுக்கு இருமல் தேவலையா என்று சுற்றி வளைத்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. "என்ன வேணும்னு முதல்ல சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன். மாமா என்னை முறைப்பார்.

ஒருநாள் ஒருவர் இரண்டு பழம் கொண்டுவந்தார். இரண்டு என்றால் காரியம் பெரிது. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். மெம்பர் நேரில் போய்க் கூட்டி வர வேண்டுமாம். "இது எம்.எல்.ஏ. வேலை இல்லை, உங்க சொந்தக்காரங்களை அனுப்புங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "சொந்தக்காரன் போனா அடிதடி ஆகும் சாரே. நீங்கன்னா, ஓட்டுக் கேக்க வந்த மாதிரி சிரிச்சுக்கிட்டே பேசுவீங்க."

மாமா போனார். அவளும் வந்துவிட்டாள்.

ஐப்பசிக்குள்ளே

பேச்சியம்மாள் எலுமிச்சம்பழம் கொண்டு வரவில்லை. மலைமேல் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருப்பவள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். லயத்திலிருந்து அடிவாரம் வரை நடை, அங்கிருந்து பஸ். எங்கள் மாடிப்படியில் பாதி ஏறியதும் அங்கேயே உட்கார்ந்து, கீழே இருந்தபடியே பேச ஆரம்பித்தாள். வளைத்துப் பேசவில்லை. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

அவளுடைய மகள் செல்லக்கனிக்குப் போன வருஷம் பிரசவ வலி வந்தபோது, கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நல்ல மழை. வழியிலேயே பிள்ளை பிறந்தது. அடிவாரம் வந்து சேரும்போது அதற்கு உயிரில்லை. இப்போது செல்லக்கனி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள், ஐப்பசியில் பிறக்கும். மலைக்கு சர்க்கார் ரோடு இருக்கிறது, ஆனால் பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. "பாத்துக்கிடலாம்மா, நான் கட்டாயம் முயற்சி பண்ணுதேன்" என்றார் மாமா. எல்லோருக்கும் சொல்வதுதான். பேச்சியம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்: "நீங்க எப்ப வேணும்னாலும் பாருங்கய்யா. ஐப்பசி அதுக்காக நிக்காது."

இரண்டு ஆபீஸ்

பஸ் ஆபீஸுக்கு மாமாவோடு நானும் போனேன். மேலதிகாரி மரியாதையாக உட்காரச் சொல்லி, காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அந்த மலை ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறதாம். ரோடு ஆபீஸ் முதலில் அதைச் சரி செய்தால் மறுநாளே பஸ் விடலாமாம்.

ரோடு ஆபீஸுக்குப் போனோம். அங்கே மாடி ஒன்று அதிகம். இன்ஜினீயர் மலையாளி, நல்ல மனிதர், அவரும் காப்பி வாங்கிக் கொடுத்தார். பஸ் ஓடுகிற ரோடுகளுக்கே பணம் போதவில்லையாம். பஸ் ஓடாத ரோட்டை எந்தக் கணக்கில் எழுதிச் சரி செய்வது என்று கேட்டார். முதலில் அவர்கள் பஸ் விடட்டும் என்றார். நான் பொறுக்க மாட்டாமல், "நீங்க ரெண்டு பேரும் ஒரே காப்பிக் கடையிலேர்ந்துதான் வாங்குறீங்க. அங்க வச்சாவது ஒரு தடவை பேசிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். மாமா இருமினார். இன்ஜினீயர் கோபப்படவில்லை. "மோளே, காப்பி குடிக்கறப்ப ஆபீஸ் காரியம் பேசற பழக்கம் எங்களுக்கு இல்லை" என்றார்.

பேச்சியம்மாள் பார்த்த சபை

மாமா சபையில் கேள்வி கேட்டார். தமிழில்தான் கேட்டார். அன்றைக்குப் பேச்சியம்மாளுக்கும் எனக்கும் பார்வையாளர் பாஸ் வாங்கித் தந்திருந்தார். அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். மேலே உட்கார்ந்து, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெரிந்த ஒவ்வொரு தலையையும் நிதானமாகப் பார்த்தாள்.

மாமா நன்றாகத்தான் பேசினார். தூளியில் தூக்கி வந்த கதையைச் சொன்னபோது ஒரு பக்கம் முழுவதும் சத்தம் அடங்கியது. இன்னொரு பக்கம் முன்பே அடங்கித்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் நேரம் அது. மந்திரியின் பதில் மலையாளத்தில் வந்தது. ரோட்டை ஒரு இன்ஜினீயர் நேரில் போய்ப் பரிசோதிப்பார் என்று நான் அவளுக்கு மொழிபெயர்த்தேன். வெளியே வந்து படி இறங்கி முடித்ததும் சொன்னாள்: "நம்ம ஆளு ஒருத்தருதான் நின்னுக்கிட்டிருந்தாரு. ஒக்காரச் சொல்ல யாருக்கும் தோணலையே, பாவம்."

வாழைமரம் கட்டிய ரோடு

ஆவணியில் ஓணம் முடிந்து மழை விட்டிருந்த சமயம், இன்ஜினீயர் ஜீப்பில் கிளம்பினார். மாமாவும் அத்தையும் நானும் கூடப் போனோம். குழிகளில் ஜீப் தூக்கிப் போடும்போது அவர் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை. அதற்காகவே பின் சீட்டின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஜீப் தூக்கிப் போடவே இல்லை. குழியைக் காணோம். பெரிய இடத்து ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டு, லயத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு எல்லாக் குழியிலும் செம்மண்ணைக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். வளைவுக்கு வளைவு வாழைமரம், மாவிலைத் தோரணம். மாமா வாயில் வெற்றிலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்ஜினீயர் இறங்கி, செருப்புக் காலால் ரோட்டை அழுத்திப் பார்த்தார். "ரோடு நல்லதாணல்லோ, மெம்பரே. இதுக்கா சபையில அவ்வளவு பேசினீங்க?" என்றார்.

மாமா எஸ்டேட் கங்காணியை ஓரமாகக் கூப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன்வே இப்படிச் செய்தீரு?" என்று கேட்டார். கங்காணிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வீட்டுக்கு ஒருத்தர் வந்தா வாசல் முத்தம் பெருக்க மாட்டீங்களா, மெம்பரய்யா?"

யாருடைய ரோடு

ஜீப் மலை இறங்கியது. மேலே தோரணத்தடியில் செல்லக்கனி நின்றதை நான் பார்த்திருந்தேன். வயிறு நன்றாக முன்தள்ளியிருந்தது. குழி நிரப்பியவர்களில் அவளும் ஒருத்தி என்று பேச்சியம்மாள் அங்கே சொல்லியிருந்தாள், பெருமையாகத்தான்.

தம்பானூர் நெருங்கியது. நான் இன்ஜினீயரிடம், "சார், ரோடு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, நெஜமாத்தானா?" என்று கேட்டேன். "நான் கண்ணால கண்டதாச்சே" என்றார். "அப்படின்னா வழியில பஸ் ஆபீஸ் இருக்கு. அவங்க உங்க ரோடு மோசம்னு சொல்றாங்க." அவருக்குக் காது சிவந்தது. ஜீப்பை நிறுத்தச் சொன்னார். இதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர் பார்த்ததை, கேட்க வேண்டியவர் முன்னால் அவரையே சொல்ல வைத்தேன், அவ்வளவுதான்.

பஸ் அதிகாரி நம்பவில்லை. அந்த மலை ரோடா, நல்ல ரோடா என்று இரண்டு தடவை கேட்டார். இன்ஜினீயர் மேஜையில் விரலால் தட்டி, "எண்ட ரோடாணு. ஞான் பறயுன்னு" என்றார். என் ரோடு, நான் சொல்கிறேன் என்று. பஸ் அதிகாரிக்கு வேறு காரணம் கைவசம் இல்லை. புரட்டாசியில் வண்டி விடுவதாக அங்கேயே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "மக்கா, உன்னை யாரும் எலெக்‌ஷன்ல நிக்க வைக்காம இருக்கணும் கடவுளே" என்றார்.

முன் சீட்டு

முதல் பஸ் மேலே போனபோது மேளம், மாலை, பிரசங்கம் எல்லாம் நடந்தது. பிரசங்கம் நடக்கும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. பஸ் கீழே திரும்புகிற நேரத்தில் எல்லா சீட்டிலும் பிரமுகர்கள். முன் சீட்டில் மாலையோடு மாமா. அவர் பக்கத்தில் கங்காணி. பின்னால் எஸ்டேட் கணக்கு ரைட்டரும் கட்சிக்காரர்களும். நானும் அத்தையும் நின்றுகொண்டிருந்தோம். பேச்சியம்மாள் செல்லக்கனியைக் கூட்டிக்கொண்டு துணி மூட்டையோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரி வீடு இருக்கிறது. பிரசவம் வரைக்கும் அங்கே தங்க வைக்கலாம் என்று திட்டம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மெம்பர் உட்கார்ந்திருக்கும்போது நாம் எழுந்தால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று அவர்களுக்கு எண்ணம். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாளே படியில் நின்று சொல்லிவிட்டாள்: "மெம்பரய்யா, பஸ்ஸு விட்டது நீங்க, இல்லேங்கல. போகவேண்டியது இவ. எந்திரிங்க."

மாமா எழுந்தார். எழுந்ததோடு நிற்காமல், கூட்டம் குறையட்டும் என்று இறங்கியும் விட்டார். அவர் இறங்கினால் மற்றவர்கள் உட்கார முடியுமா? எல்லோரும் தூறலில், மெல்ல ஊர்ந்த பஸ்ஸுக்குப் பின்னால் நடந்தார்கள். மூன்றாவது வளைவில், அந்த ஞாயிற்றுக்கிழமை நிரப்பிய செம்மண் கரைந்து, பின் சக்கரம் பொதுக்கென்று இறங்கியது. நடந்து வந்த பிரமுகர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். மாமாவின் வெள்ளை வேட்டி இடுப்பு வரை சிவப்பாகிவிட்டது. மாலை மட்டும் கழுத்திலேயே இருந்தது. வண்டி நகர்ந்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டெய்லி ஒரு மெம்பரைக் கூட அனுப்பினா சர்வீஸ் முடங்காது, சாரே."

மாடிப்படியில் மறுபடியும்

அதன் பிறகு பஸ் ஆபீஸ், ரோடு மோசம் என்று ரோடு ஆபீஸுக்கு எழுதியது. பஸ் ஓடுகிற ரோடாகிவிட்டதால் ரோடு ஆபீஸுக்கு மறுக்க வழியில்லை. இன்ஜினீயரே நின்று ஜல்லி கொட்டினார். என்னைப் பார்த்தால் இப்போதும் மோளே என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் ஜீப்பில் ஏற்றுவதில்லை.

செல்லக்கனிக்கு ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சுகம். போன வாரம் பேச்சியம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கினாள். இந்தத் தடவை படி முழுவதும் ஏறி வந்தாள். கையில் எலுமிச்சம்பழமும் இருந்தது. அத்தை குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு தூரம் நன்றி சொல்லவா வரணும் என்று ஆரம்பித்தார். பேச்சியம்மாள் அவரை முடிக்க விடவில்லை. என் பக்கம் திரும்பி, டைப் மெஷினைக் காட்டி, "தாயி, அதுல ஒரு காயிதம் மாட்டு. மலை மேல பள்ளிக்கூடம் கெடையாது. இவளுக்கு அஞ்சு வயசு ஆவறதுக்குள்ள வேணும்" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதற்கு இதைத் தவிர வேறு அத்தாட்சி கிடைப்பதில்லை.