ஹில்டா கையை உயர்த்தியபோது

காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறும் ஹில்டாவின் ஏலக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. அவள் வலக்கையை உயர்த்தி விரல்களை விரித்துவிட்டால், சுற்றி நிற்பவர் எவராயினும் வாய் திறக்கக் கூடாது. படகுகளின் இரைச்சலுக்கு நடுவே, கடைசி வரிசையில் நிற்பவரின் காதிலும் அவள் கூறுவது தெளிவாக விழ வேண்டும். கணவர் அருள்நாதன் மறைந்தபின் அவள் முதன்முதலாக ஏலம் கூற நின்ற விடியலில், பெரிய வியாபாரி ஒருவர் இடையில் புகுந்து கேலி பேசினார். ஹில்டா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உனக்கு இல்ல நைனா, போ" என்றாள். அன்று தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கைக்கு மறுப்பே இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகலில், கல்லூரி மகளிர் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைக் காண, இரண்டு வேன்களில், மேளத்தோடு, காசிமேட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். ஹில்டாவின் மகள் ஜூடி ஆறாம் எண் சட்டை அணிந்திருந்தாள். அவளுக்கு வேலை கிடைப்பதும் அன்றைய ஆட்டத்தைப் பொறுத்துத்தான் இருந்தது. அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் பெண் தேர்வாளர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் இன்று குறித்துக்கொள்ளும் பெண்களுக்கு மட்டுமே நாளைக் காலைத் தேர்வுக்கு அழைப்பு. ஆனால் அவர் வந்ததே இடைவேளையில். அதற்குள் ஜூடி நான்கு ஃபவுல் செய்திருந்தாள். ஐந்தானால் வெளியேற வேண்டியதுதான். பயிற்சியாளர் பவானி அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

இறுதிப் பகுதியில் ஆறு நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது, ஜூடியின் கல்லூரி ஏழு புள்ளிகள் பின்தங்கியிருந்தது.

"இன்னாக்கா இது! நல்லா ஆடுறவள உக்கார வச்சிட்டு வேடிக்க பாத்துகினு கீது அந்தக் கோச்சம்மா!" என்று கொதித்தான் விசைப்படகு ஓட்டும் கருணாகரன்.

"நாலு ஃபவுல் ஆச்சேடா," என்றாள் மீன் விற்கும் மங்கம்மா.

"அதுக்கு? ஊறுகா போட்டு வச்சிக்கப் போறாங்களா? ஆளுக்கு ஆள் புடிக்கணும் மங்கம்மாக்கா. இவுங்க எடத்தப் புடிச்சி நிக்கறாங்க. எதிர் டீமு நெட்டச்சி வெளிய நின்னே போட்டுகினு கீறா."

"ஆளுக்கு ஆள் ஓடுனா நம்ம பொண்ணுங்களுக்கு மூச்சு வேணாவா? மொத்தமே ஆறு பேருதான் கீறாங்க."

"அப்ப ஜூடிய எறக்கு!"

எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏய், மீன் மார்க்கெட்! சத்தத்தைக் குறைங்க!"

அவ்வளவுதான். மேளம் இரட்டிப்பாயிற்று, விசில்கள் காதைத் துளைத்தன. "ஜூடி! ஜூடி!" என்று நாற்பது தொண்டைகள் ஒன்றாக முழங்கின. ஹில்டாவும் எழுந்தாள். மகளை இறக்கும்படி பவானியைப் பார்த்துக் கத்தத்தான் எழுந்தாள்.

அப்போதுதான் அவள் ஜூடியைக் கவனித்தாள். பெஞ்சின் முன்னால் நின்றவாறு, வாயருகே கைகளைக் குவித்து, கழுத்து நரம்புகள் புடைக்க அவள் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூட மேலே எட்டவில்லை. களத்தில் ஆடிக்கொண்டிருந்த தோழி நர்மதா திரும்பிப் பார்த்து, கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினாள். அந்த நொடியில் எதிரணிப் பெண் ஒருத்தி அவளுடைய இடப்பக்கம் வந்து வழிமறித்தாள். நெட்டைப் பெண் தடையின்றிப் பந்தைப் போட்டாள். பின்னடைவு ஒன்பது புள்ளிகள் ஆயிற்று.

ஹில்டாவுக்குப் புரிந்துவிட்டது. எதிரணி எங்கிருந்து வருகிறது என்று ஜூடி வெளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பவானி அவளை வீணே உட்கார வைக்கவில்லை. அந்தக் குரலை அமுக்குவது காசிமேட்டு மேளம்தான்.

ஆனால் இந்தக் கூச்சல் தொடர்ந்தால் பவானி மனம் மாறி ஜூடியை இறக்கக்கூடும், தேர்வாளரும் பார்ப்பார். அடங்கினால், மகள் பெஞ்சிலேயே இருந்துவிடுவாள். இருந்தும் ஹில்டா தன் ஊராரை நோக்கித் திரும்பி, வலக்கையை உயர்த்தி விரல்களை விரித்தாள்.

முன்வரிசைகள் பழக்கத்தால் அடங்கின. கருணாகரன் மட்டும் அடங்கவில்லை. "இன்னாக்கா, நம்ம பொண்ணுக்குத்தானே கூவுறோம்!"

"கூவுறது அவடா. நீ வாய மூடு. மோளத்த நிறுத்து."

"அப்ப அவ ஆடவே மாட்டாளே! அந்தம்மா பாக்க வேணாவா?"

"ஆடலன்னா போவட்டும். என் பொண்ணு தொண்டைய எவனும் அமுக்கக் கூடாது. நானே அமுக்குனாலும் வுடமாட்டேன்."

மேளம் நின்றது.

"மார்க்கெட்டை மூடிட்டாங்கடா!" என்று எதிர்ப்பக்கம் சிரித்தது. ஹில்டா கையை இறக்கவில்லை.

அந்த அமைதிக்குள் ஜூடியின் குரல் துறைமுகக் குரலாகப் பாய்ந்தது. "நர்மதா, எடது பக்கம் வரா! வெலகு! நெட்ட உள்ள வரா, ரெண்டு பேரா புடிங்க!" நர்மதா விலகினாள், பந்து அவள் கைக்கு வந்தது. அடுத்த முறையும் அப்படியே. புள்ளிகள் ஒவ்வொன்றாக நெருங்கின. ஹில்டாவின் உயர்த்திய கை மரத்துப்போயிற்று, இடக்கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். இறுதி மணி ஒலித்தபோது, ஜூடியின் கல்லூரி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ஜூடி களத்தில் கால் வைக்கவே இல்லை.

மேளம் மீண்டும் வெடித்தது. ஹில்டா அதில் கலந்துகொள்ளாமல், படிகளில் இறங்கி நேராக முதல் வரிசைக்குப் போனாள். தேர்வாளர் குறிப்பேட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"ஆறாம் நம்பர் ஜூடி. என் பொண்ணு."

"அவங்க ஆடவே இல்லையேம்மா. எதைப் பார்த்து நான் பேர் எழுதறது?"

"பாக்கல, சரி. கேட்டீங்க இல்ல?"

தேர்வாளர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். ஜூடி தோழியரின் தோள்களில் சாய்ந்து, குரல் கம்மிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன். ஆனா ஆட்டத்தையும் பார்க்கணுமே."

"பாருங்க. நாளைக்கி ஆறு மணிக்கா, ஏழு மணிக்கா? ஏலத்த வேற ஆள்கிட்ட சொல்லிட்டு நானே இட்டுகினு வரேன்."

ஹில்டா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தேர்வாளர் மூடிய குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஆறரை. நீங்க வந்தா சத்தம் போடாம உட்காரணும்."

"அது எங்க ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும்மா," என்றாள் ஹில்டா.